நீல ஓட்டையும் இரண்டு துபாஷிகளும்

அமாவாசையன்று மேல்மலையனூருக்கு ஜனங்கள் அங்காளம்மனைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பேச வைக்க.

செஞ்சியில் பஸ் மாறும்போதே கூட்டம் பிதுங்கியது. நின்றபடியே ஜன்னல் வழியாக ராஜகிரியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். 2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்தது இது ஒன்றுதான். பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லோர் மடியிலும் எலுமிச்சம்பழம், வேப்பிலை, பூ. என் பையில் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பிரிட் பாட்டில், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஆறேழு சி.டி.க்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் பையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். என் அக்கா மேல்மலையனூரில் இருக்கிறாள். அவள் கணவர், எங்கள் மாமா, பள்ளிக்கூட வாத்தியார். 1993-ல் ஒரு நாள், அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்தில் அம்மனுக்குத் தாலாட்டுப் பாடும் பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்து, டேப் ரிக்கார்டரில் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். ஒரு உடுக்கை, ஒரு குரல், 60 நிமிஷ கேசட். அவ்வளவுதான். பெரியவர் இப்போது இல்லை. மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கேசட்டும் தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். போன பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில், வாக்காளர் பட்டியல்களுக்கு நடுவே கிடைத்தது.

அக்கா அதைப் போட்டுப் பார்க்கவில்லை. 'மிஷினு மென்னுடும்டா' என்றாள் போனில். அவள் பயம் நியாயமானது. கேசட்டின் நடுவே, நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்க ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். அது உதிர்ந்து போயிருந்தது. நாடாவின் பழுப்புப் பூச்சு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த நிலையில் ஒரு கேசட் ஒருமுறை ஓடும். இரண்டாவது முறைக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஓடும் அந்த ஒரு தடவையிலேயே கம்ப்யூட்டரில் பிடித்துவிட வேண்டும்.

சென்னையில் இதைச் செய்து தரும் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. அக்கா கேசட்டை வீட்டு வாசற்படி தாண்ட விடமாட்டாள். 'நீ இன்ஜினியர் தான? நீ வந்து பண்ணு' என்றாள். இதற்கு மேல் ஒரு தம்பி என்ன சொல்ல முடியும்?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். பழைய கம்ப்யூட்டர் எதற்கு? பேத்தி கையிலேயே லேப்டாப் இருக்கிறதே! அவள் அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப், இன்னும் ஓடுகிறது. ஆனால் அதில் நீல ஓட்டை கிடையாது.

உங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். மூன்று ஓட்டைகள் இருக்கும். ரோஸ் நிறம் மைக்குக்கு. பச்சை ஸ்பீக்கருக்கு. வெளிர் நீலம் 'லைன் இன்'. வெளியே ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு சாதனத்திலிருந்து, ஸ்டீரியோவாக, சத்தத்தை உள்ளே வாங்குவதற்கு. இந்த நிறங்களெல்லாம் பிசி 99 என்று ஒரு வழிகாட்டி வந்த பிறகு ஊர் உலகத்துக்குப் பொதுவானவை. லேப்டாப்புகளில் இடம் போதாமல் முதலில் காவு கொடுக்கப்பட்டது இந்த நீல ஓட்டைதான். மைக் ஓட்டையில் டேப் ரிக்கார்டரைச் சொருகலாம், ஆனால் மைக் தருவது சில மில்லிவோல்ட். டேப் ரிக்கார்டர் தருவது அதைவிடப் பல மடங்கு. குழந்தை வாயில் தீயணைப்பு வண்டிக் குழாயை வைத்த மாதிரி, சத்தம் பிய்ந்துபோகும். யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன, கொஞ்சம் பணம் செலவழித்தால் என் வேலை முழுவதையும் தவிர்த்திருக்கலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஓட்டை இருக்கும்போது காசு கொடுத்து ஓட்டை வாங்குவானேன் என்பது அக்காவின் கட்சி.

கம்ப்யூட்டர் 2008-ல் மாமா ரிட்டயரானபோது வாங்கியது. இன்டெல் 945 சிப்செட், ஒரு ஜி.பி. மெமரி, வயிறு புடைத்த மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. துணி போட்டு மூடி, மேலே தஞ்சாவூர் பொம்மை வைத்திருந்தாள். பொம்மையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஓடியது. டெஸ்க்டாப் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

குற்றவாளி யார் என்று உடனே தெரிந்துவிட்டது. நான்தான். சில வருஷங்களுக்கு முன்னால் வைரஸ் பிடித்துக் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து, கையில் இருந்த ஒரு சி.டி.யிலிருந்து எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டவன் நான். 'சவுண்ட் டிரைவரை அடுத்த தடவை வரும்போது போடறேன்' என்று பஸ் பிடித்தவனும் நான். அந்த அடுத்த தடவைதான் இது.

சத்தம் வராத கம்ப்யூட்டரைப் பார்த்ததும் டிரைவர் மேல் பழி போடாதீர்கள். முதலில் ஸ்பீக்கர். அதன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி, ஸ்பீக்கர் ஆனில் இருக்கும்போது அந்தப் பின் நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். 'ட்ர்ர்ர்' என்று உறுமினால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. உறுமியது. பிறகு பச்சை ஓட்டையில்தான் சொருகியிருக்கிறோமா, வால்யூமில் மியூட் விழுந்திருக்கிறதா, பயாஸில் ஆடியோவை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா. எல்லாம் சரி. இந்த நாலு இடங்களிலேயே பாதி ரிப்பேர்கள் முடிந்துவிடும். நம் கேஸ் அந்தப் பாதியில் இல்லை.

அடுத்து, ஓட்டையும் சிப்பும் நல்லபடியாக இருக்கின்றனவா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: விண்டோஸையே ஒதுக்கிவிட்டு வேறு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கொண்டு வந்து பார்ப்பது. 2008-ல், கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு லினக்ஸ் சி.டி.யைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் நிறுத்திவிட்டார்கள். அப்போது வந்த 8.04 சி.டி. ஒன்றை நான் பொக்கிஷமாக வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், சி.டி.யிலிருந்தே ஓடும். போட்டேன். அஞ்சு நிமிஷம் கரகரவென்று சுற்றி, ஆரஞ்சு நிறத் திரை வந்தது. டெஸ்ட் ஒலியை அழுத்தினேன்.

ஸ்பீக்கர் 'ங்ஙீ' என்றது.

அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்தாள். 'வந்துடுச்சா?'

'இல்லக்கா, இது வேற.'

'இன்னாடா வேற, சத்தம் வந்துச்சே?'

பேத்தி அதைவிடக் கூர்மையாகக் கேட்டாள்: 'தாத்தா, இதுல சவுண்ட் வருதில்ல, இதுலயே ரிக்கார்ட் பண்ணா இன்னா?'

கேள்வியில் தப்பே இல்லை. சத்தம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று முள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்யும் ஆடாசிட்டி அந்த சி.டி.யில் இல்லை, ஒரே தடவை ஓடும் கேசட்டை வைத்துக்கொண்டு பழக்கமில்லாத மென்பொருளில் பரீட்சை செய்யக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். அவை உண்மைதான். அவற்றைவிடப் பெரிய உண்மை, ரோஷம். நான் கெடுத்ததை நான் சரிசெய்ய வேண்டும்.

ஒன்று நிச்சயமாகிவிட்டது: உடம்பில் கோளாறு இல்லை, டிரைவர்தான். இந்த 'டிரைவர்' என்ற பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. டிரைவர் என்றால் செஞ்சி பஸ்ஸை ஓட்டுகிறவர்தான் மனசில் வருகிறார். துபாஷி என்று வைத்திருக்கலாம். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்களே, அப்போது புதுச்சேரியில் துய்ப்ளேவுக்குத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. கவர்னருக்குத் தமிழ் வராது. ஊராருக்குப் பிரெஞ்சு வராது. நடுவில் பிள்ளை இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். விண்டோஸுக்கு சவுண்ட் சிப்பின் பாஷை வராது. அதற்குத் துபாஷி வேண்டும். அந்தத் துபாஷி இருப்பது கம்ப்யூட்டரோடு கொடுத்த சி.டி.யில்.

'அந்த சி.டி. எங்கக்கா?'

அக்கா யோசித்தாள். பிறகு மொட்டை மாடியைக் காட்டினாள். வடகம் காய வைக்கும்போது காக்கா வராமல் இருக்கக் கயிற்றில் ஏழெட்டு சி.டி.க்களைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் பளபளவென்று திரும்பிக்கொண்டிருந்தன. மூன்றாவது, நம்முடையது.

சி.டி.யை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் தகவலின் போக்கிலேயே ஓடிப் பெரிய துண்டாகத் தின்றுவிடும், குறுக்கே விழும் கீறலை டிரைவ் தாண்டிப் போய்விடும். நாலைந்து முறை முனகிவிட்டு சி.டி. படித்தது. செட்டப்பைத் தட்டினேன். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி, கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் போய், 'டிரைவர் நிறுவுதல் தோல்வி' என்று ஒரு நீளமான எண்ணைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

மறுபடி செய்தேன். மறுபடி தோல்வி. ரீஸ்டார்ட். தோல்வி. நாலாவது முறையும் அதையே செய்யப்போனபோது பேத்தி, 'அதேதான தாத்தா வரும்?' என்றாள். நாற்பது வருஷம் மிஷின்களோடு பழகியவனுக்கு இதைச் சொல்ல ஒரு பதினாறு வயசுப் பெண் வேண்டியிருக்கிறது. அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இனி எதை மாற்றினாலும் எழுதிக்கொண்டே வா என்றேன். சாப்பிடப் போனோம்.

வெளியே ஊர் அதிர்ந்துகொண்டிருந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூரில் ஒலிபெருக்கி கட்டாத கம்பம் அபூர்வம். பம்பை, உடுக்கை, காணாமல் போன குழந்தைகளின் அறிவிப்பு, 'செல்போன், நகை ஜாக்கிரதை'. இத்தனை சத்தத்துக்கு நடுவே எங்கள் கூடத்தில் ஒரு பெட்டி மட்டும் மௌன விரதம்.

சாப்பிட்டு முடித்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. மஞ்சள் கேள்விக்குறியோடு 'பிசிஐ டிவைஸ்' என்று ஒன்று அனாதையாக நின்றது. அதன் விவரத்தில் போனால் ஒரு குறி இருக்கும். வெண் என்றால் செய்தவர், டெவ் என்றால் பொருள். இங்கே வெண் 8086, டெவ் 27டி8. 8086 என்பது இன்டெல்லின் அடையாள எண். 1978-ல் வெளிவந்த அவர்களுடைய பிரசித்தமான பிராசஸரின் எண்ணையே அடையாளமாக வாங்கிக்கொண்டார்கள், நாம் பைக்குக்கு ஃபேன்சி நம்பர் வாங்குகிற மாதிரி.

இப்போது ஒன்று உறைத்தது. மாமா கம்ப்யூட்டரில் சவுண்ட் சிப் ரியல்டெக், நண்டு சின்னம் போட்ட தைவான் கம்பெனி. சிப்பின் மேலேயே நண்டு இருக்கிறது. அப்படியானால் குறியில் ரியல்டெக் எண் அல்லவா வந்திருக்க வேண்டும்? ஏன் இன்டெல் எண் நிற்கிறது?

ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் துபாஷிகள் இரண்டு பேர். 2004-ல் இன்டெல் கொண்டுவந்த 'ஹை டெஃபனிஷன் ஆடியோ' முறையில், போர்டில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கும். அது தெரு மாதிரி. அந்தத் தெருவின் கோடியில்தான் சவுண்ட் சிப் குடியிருக்கிறது. தெருவுக்கு ஒரு துபாஷி, வீட்டுக்கு ஒரு துபாஷி. 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு இப்படி ஒரு தெரு வரப்போகிறது என்று தெரியாது. ஆகவே தெருத் துபாஷியைப் பின்னால் ஒரு இணைப்பாகக் கொடுத்தார்கள். கே.பி.888111 என்று பெயர். அது உட்கார்ந்தால்தான் தெரு தெரியும். தெரு தெரிந்தால்தான் வீடு தெரியும். எங்கள் சி.டி.யின் செட்டப், வீட்டுத் துபாஷியைக் கையில் பிடித்துக்கொண்டு, இல்லாத தெருவில் கதவு எண் தேடிக்கொண்டிருந்தது.

இது ஒன்றும் புதிய அவஸ்தை இல்லை. சவுண்ட் கார்டு என்றாலே ஒரு காலத்தில் விரதமிருந்து போட வேண்டிய சமாச்சாரம். சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் ஆரம்பித்த கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதுவரை நம் கம்ப்யூட்டர்களுக்கு 'பீப்' என்று விக்க மட்டும்தான் தெரியும். சவுண்ட் பிளாஸ்டர் வந்த பிறகு 'ஏ220 ஐ5 டி1' என்று ஒரு வரியை ஆட்டோஎக்ஸிக் ஃபைலில் எழுதி வைத்திருப்போம். அந்த வரியில் ஒரு எண் பிசகினால் பிரிண்டரும் சவுண்ட் கார்டும் சண்டை போட்டுக்கொள்ளும். நண்பர் ஒருவர் வீட்டில் பிரின்ட் கொடுத்தபோதெல்லாம் கேம் ஊமையாகிவிடும். சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அவரால் பேச ஆரம்பித்த பெட்டிகள் எத்தனை என்று யோசித்துக்கொண்டேன்.

சரி, தெருத் துபாஷி எங்கே? சி.டி.க்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் இருந்தார். அவரை நேரடியாகத் தட்டியதும் ஒரு பெட்டி வந்தது. அதன் சாரம்: 'உங்கள் விண்டோஸின் சர்வீஸ் பேக், நான் போட வந்த விஷயத்தைவிடப் புதியது. ஆகவே என்னைப் போட வேண்டிய அவசியமில்லை.' நன்றி, வணக்கம் என்று கிளம்பிவிட்டார்.

காரணம் புரிந்தது. அவர் 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2-க்காகத் தயாரானவர். நான் போட்டிருந்தது 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3. மூன்று வந்துவிட்டால் தன் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு என்னவோ நியாயமானதுதான். நான் அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போன இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எக்ஸ்பி காலத்தில் ரிப்பேர்க்காரர்களுக்குள் காதும் காதும் வைத்தாற்போல் புழங்கியது. விண்டோஸின் வயதைக் குறைத்துச் சொல்வது.

என் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேரும்போது, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. பிறந்த தேதியை ஹெட்மாஸ்டரே ஜூன் மாதத்தில் எங்காவது ஒரு நாளாகப் பார்த்து எழுதிக்கொள்வார். ரிட்டயர்மென்ட் தள்ளிப்போகட்டும் என்று தொலைநோக்கோடு ஒன்றிரண்டு வருஷம் குறைப்பதும் உண்டு. மாமாவுக்கே சர்ட்டிபிகேட்டில் ஒன்றரை வயசு குறைச்சல். அதையேதான் அவர் கம்ப்யூட்டருக்கும் செய்ய வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் ஜாதகக் கட்டு. தப்பாகத் தொட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. முதலில் ஒரு நகல் எடுத்துவைத்தேன். பிறகு ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், விண்டோஸ். அங்கே 'சிஎஸ்டி வெர்ஷன்' என்று ஒரு வரி. அதில் 300 என்று இருந்தது. சர்வீஸ் பேக் 3 என்று அர்த்தம். 200 என்று மாற்றினேன். பேத்தியை நோட்டில் 'வேலை முடிந்ததும் திரும்ப 300' என்று எழுதச் சொன்னேன். அடிக்கோடு போட்டாள்.

ரீஸ்டார்ட். தெருத் துபாஷியை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை மறுபேச்சு இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். டிவைஸ் மேனேஜரில் பழைய மஞ்சள் குறி மறைந்தது. இன்னொரு மஞ்சள் குறி முளைத்தது.

'போச்சா தாத்தா?' என்றாள் பேத்தி.

போகவில்லை. எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். இதன் குறியில் வெண் 10இசி, டெவ் 0662. 10இசி என்றால் ரியல்டெக். தெரு வந்துவிட்டது, கோடி வீட்டில் நண்டு எட்டிப் பார்க்கிறது. செட்டப்பை ஓட்டினேன். பச்சைக் கட்டங்கள் கடைசி வரை போயின. ரீஸ்டார்ட் கேட்டது. கொடுத்தேன்.

எக்ஸ்பி திறக்கும்போது வரும் அந்தச் சின்ன இசைத் துணுக்கு உங்களுக்கு நினைவிருக்கும். கூடத்தில் அது ஒலித்தபோது சாயந்திரம் ஆறு மணி. அக்கா அடுப்படியிலிருந்து வரவில்லை. 'அதுவும் வேறயாத்தான் இருக்கும்' என்று அங்கிருந்தே சொன்னாள்.

இனி நீல ஓட்டை. மாமாவின் டூ இன் ஒன்னில் ஹெட்ஃபோன் துளை நன்றாக இருந்தது. அதிலிருந்து நீலத்துக்கு ஒரு ஒயர். தலையை ஸ்பிரிட்டால் துடைத்து, போனால் போகட்டும் என்று ஒரு சினிமாப் பாட்டு கேசட்டை வைத்து ஒத்திகை. பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தது. கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ். இரண்டு சாதனமும் சுவர் பிளக்கில் இருந்தால், எர்த் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இப்படி முனகும். டூ இன் ஒன்னைக் கரண்ட்டிலிருந்து பிடுங்கி, பேத்தியை அனுப்பிப் பெரிய பேட்டரி செல் வாங்கிவந்து போட்டேன். ரீங்காரம் கத்தரித்த மாதிரி நின்றது.

'வெளிய இவ்ளோ சத்தமாக்கீதே, அதெல்லாம் சேர்ந்து விழாதா?' என்றாள் அக்கா. விழாது. ஒயர் வழியாகப் போவது மின்சாரம். நீல ஓட்டைக்குக் காது கிடையாது.

கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, மாமாவின் நாடாவை எடுத்து, அந்த சினிமாப் பாட்டு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினேன். அந்த வேலையைப் பற்றி நிறைய சொல்லலாம். கை நடுங்கியது என்பதோடு விட்டுவிடுகிறேன். நாடாவைப் பென்சிலால் மெதுவாக முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றி வைத்தேன். விநாடிக்கு 44,100 மாதிரி, இரண்டு சேனல், நிமிஷத்துக்குப் பத்து எம்.பி. முழுக் கேசட்டும் 600 எம்.பி. சொச்சம். டிஸ்கில் இடம் இருந்தது. ஆடாசிட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, டூ இன் ஒன்னில் பிளே.

முதலில் 'ஸ்ஸ்ஸ்'. பச்சை முள் லேசாக ஆடியது. பிறகு யாரோ மைக்கை விரலால் தட்டுகிற சத்தம்.

மாமா குரல்.

'ஒண்ணு... ரெண்டு... மூணு. வுழுதா?' கொஞ்சம் இடைவெளி. 'ஏய், அந்தக் கதவ சாத்து. கொல்லக் கதவ. நாய் கத்துது பாரு.'

இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியவரின் பாட்டு இருக்கும் என்று தெரியும். மாமா இருப்பார் என்று நினைக்கவில்லை. மாமா பேசி எடுத்த கேசட் என்று வீட்டில் வேறு எதுவும் கிடையாது. கல்யாணங்களில் எடுத்த வீடியோவிலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே தவிர, பேசமாட்டார்.

டேப்பில் ஒரு கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. அதே கொல்லைக் கதவு. இன்றைக்கும் அதே கிறீச்.

'நானா சாத்துனேன்?' என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடி. 'ரெண்டு கையிலயும் மாவு. அவரே எழுந்து போய் சாத்திக்கினு வந்தாரு.'

அதற்குப் பிறகு உடுக்கை ஆரம்பித்தது. பெரியவரின் குரல் முதல் வரியில் கொஞ்சம் கம்மி, இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. இடது சேனல் நடுநடுவே மங்கியது. நாடாவின் பூச்சு அங்கே இல்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. நாடா எங்கே சிக்குமோ என்று கேசட்டின் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஏ' பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டேன். 'பி' பக்கத்தில் இருபத்தியிரண்டாவது நிமிஷத்தில் குரல் குழறி, சக்கரம் நின்றது. நிறுத்தித் திறந்தால் உள்ளே நாடா கொத்தாகச் சுருண்டிருந்தது. மீதி அவ்வளவுதான். முக்கால் பங்குக்கு மேல் கிடைத்துவிட்டது.

இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தேன். பேத்தி லேப்டாப்பில் ஒன்று. துபாயில் இருக்கும் அவள் அப்பாவுக்கு முதல் நிமிஷத்தை மட்டும் வெட்டி அனுப்பினாள். அவர் உடனே போன் செய்துவிட்டார். பேசவில்லை, கொஞ்ச நேரம் லைனில் இருந்துவிட்டு வைத்துவிட்டார்.

ராத்திரி பதினொன்றரைக்கு அக்காவும் நானும் ஊஞ்சல் பார்க்கக் கிளம்பினோம். கூட்டத்தில் மண்டபத்துக்கு நூறு அடி தள்ளித்தான் நிற்க முடிந்தது. அம்மன் ஊஞ்சலில் உட்கார்ந்து, உடுக்கை எழும்பி, தாலாட்டு ஆரம்பித்தபோது அக்கா என் கையைப் பிடித்து, 'அதுல கதவு சத்தம் நல்லா கேக்குதில்ல?' என்றாள்.

பாதி வழியில் திரும்பும்போதுதான் எனக்கு பகீரென்றது. 200-ஐ 300 ஆக்க மறந்துவிட்டேன். அப்படியே விட்டால் பின்னால் யாராவது எதையாவது போடப்போய்க் குழம்பும். தூக்கக் கலக்கத்தோடு வந்து கம்ப்யூட்டரைப் போட்டு, ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தேன். 300 என்று இருந்தது.

பாயில் படுத்திருந்த பேத்தி போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: 'அப்பவே மாத்திட்டேன் தாத்தா. நோட்டுல டிக் போட்டிருக்கேன் பாருங்க.'